அப்பாவின் முட்டிக்குப் பயிற்சி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு எங்கே தொடங்கினாலும் ரத்தப் பரிசோதனையில்தான் போய் நிற்கிறது. யாருக்கு எவ்வளவு சர்க்கரை, யாருக்கு என்ன மாத்திரை, யார் சோற்றை விட்டு சிறுதானியத்துக்குப் போய்விட்டார்கள். நானும் போன மாதம் போய்க் காட்டிக்கொண்டேன். இப்போது வேலை பார்க்கிற விடுதியில் சமையல்கட்டு ஆட்கள் எல்லாரும் காட்டியாக வேண்டும் என்றார்கள். சின்னப் பெண் டாக்டர். எடை பார்த்தார், விரலில் ஏதோ கிளிப் மாட்டினார், பெரிய பெரிய இயந்திரங்களுக்குள் அனுப்பினார். கடைசியில் முட்டியைத் தட்டுவார் என்று நினைத்துக் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். அவர் தட்டவில்லை. முடிந்தது, போகலாம் என்றார். நான் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினேன்.

அந்தத் தட்டலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஏழாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. பிறகு திருப்பூர், பெங்களூர், பம்பாய் என்று ஊர் ஊராகப் போய்க் கிடைத்த வேலையைச் செய்தவள். எதை எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பதினொரு வயது. மயிலாப்பூர் குளத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஒரு சந்து, அதில் ஐந்து குடித்தனம் இருந்த ஒரு நீளமான வீடு. முன்கட்டில் வீட்டுக்கார மாமி. கடைசியில், அடிபம்புக்குப் பக்கத்தில், ஓடு போட்ட ஒற்றை அறையில் நாங்கள் மூன்று பேர். அப்பா கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டாஃப் பஸ்ஸை ஓட்டினார். நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். காலை ஆறரைக்குக் குளத்தருகே முதல் ஆள் ஏறுவார். பிறகு லஸ், தேனாம்பேட்டை, தி.நகர், சைதாப்பேட்டை. எட்டு மணிக்குக் கம்பெனி வாசல். பள்ளி விடுமுறை நாட்களில் சில தடவை என்னையும் ஏற்றிக்கொள்வார். ஓட்டுநர் பக்கத்திலிருந்த என்ஜின் மூடிமேல், மடித்த சாக்கில் உட்காருவேன். டீசல் வாசமும் ஆபீஸ் அக்காக்களின் மல்லிகை வாசமும் சேர்ந்து வரும். சாக்கைத் தாண்டிச் சூடு ஏறும். அந்தச் சூட்டைப் பற்றி மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பாவின் கம்பெனியில் வருடத்துக்கு ஒரு தடவை, மழை தொடங்குவதற்கு முன்னால், எல்லாருக்கும் உடம்பு பார்ப்பார்கள். அடையாறில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டர் இரண்டு நாள் வந்து கேன்டீனில் உட்காருவார். கண், எடை, பிரஷர், கடைசியாக ரப்பர் சுத்தியலால் முட்டியில் ஒரு தட்டு. முந்தின வருடம் அந்தப் பரிசோதனை முடிந்த கையோடு மூத்த டிரைவர் ஒருவரை வண்டியிலிருந்து இறக்கி வாசல் கேட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். கேட்டைத் திறப்பது, மூடுவது, முதலாளி கார் வந்தால் சலாம் வைப்பது. சம்பளம் அதேதான். ஆனால் காக்கியைக் கழற்றி நீலச் சட்டை கொடுத்துவிட்டார்கள். அவர் ஏன் இறக்கப்பட்டார் என்பதற்கு டிரைவர்கள் மத்தியில் ஒரு கதை இருந்தது. டாக்டர் முட்டியில் அடித்தாராம், கால் எழும்பவில்லையாம், அவ்வளவுதானாம். அதிலிருந்து அந்த ரப்பர் சுத்தியல் என்றால் எல்லாருக்கும் நடுக்கம். பரிசோதனை நாளில் டீயை ஸ்ட்ராங்காகக் குடித்துவிட்டுப் போவார்கள். ஒருவர் முந்தின நாளிலிருந்தே முட்டியில் விளக்கெண்ணெய் தேய்ப்பாராம்.

நான் சொல்கிற வருடம் பரிசோதனைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அப்பா ஒரு சாயங்காலம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, கையின் பக்கவாட்டால் முட்டிக்குக் கீழே தட்டிப் பார்த்தார். கால் அப்படியே தொங்கியது. இன்னொரு தடவை தட்டினார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லித் தட்டினார். அம்மாவின் கால் துள்ளி அவர் கையிலேயே பட்டது. என்னுடையதும் துள்ளியது. அப்பா சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடியும் தன் முட்டியைத் தட்டினார்.

மறுநாள் கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டி குலுங்காமல் இருக்கப் போடுகிற ரப்பர் புஷ், பழையது ஒன்றைக் கொண்டுவந்து, உடைந்த ஸ்க்ரூடிரைவரின் நுனியில் செருகிக் கம்பியால் கட்டினார். அதுதான் எங்கள் சுத்தியல். கருப்பாக, கிரீஸ் நாற்றத்தோடு இருக்கும். கையால் தட்டினால் சரியாகப் படாது, அதனால்தான் குதிக்கவில்லை என்பது அவர் கணக்கு. சுத்தியலால் அடித்தும் அவர் கால் குதிக்கவில்லை. சுத்தியல் சரியில்லையோ என்று சந்தேகம் வந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள நான் ஐந்து குடித்தனத்திலும் புகுந்து ஒவ்வொருவர் முட்டியையும் தட்டினேன். தையல்கார அக்கா, அவள் புருஷன், அச்சாபீஸ்காரர், எல்லார் காலும் குதித்தது. வீட்டுக்கார மாமி முதலில் திட்டினாள். பிறகு அவளாகவே வந்து முன்கட்டுப் படியில் உட்கார்ந்து புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "என்னடி, எல்லாரையும் தட்டிண்டு போறே, என்னை மட்டும் விட்டுட்டே? எனக்கென்ன முட்டி இல்லையா?" என்றாள். தட்டினேன். எழுபது வயது மாமியின் கால் எகிறிய எகிறலில் பக்கத்திலிருந்த காபி டம்ளர் உருண்டது. மாமிக்கு அப்படி ஒரு சந்தோஷம். கோவிலுக்குப் போய் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த வீட்டிலேயே அப்பா ஒருவருக்குத்தான் கால் குதிக்கவில்லை. அவருக்கு அப்போது நாற்பத்தொன்று.

பேசாமல் அந்த டாக்டரையே கேட்டுவிட்டால் என்ன என்றாள் அம்மா. அப்பா அவளைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. அதற்கு வண்டியை நீயே அவர்களிடம் கொடுத்துவிடு என்பதுபோல ஒரு பார்வை. பிறகு என்னிடம் திரும்பி, "குதிக்கலன்னா இன்னா பாப்பா, குதிக்க வெச்சிடலாம். நீ அடி. நான் தூக்கறேன்" என்றார்.

அப்படித்தான் பயிற்சி தொடங்கியது. வண்டியை விட்டுவிட்டு அப்பா வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். நான் எதிரே முக்காலியில். அடிப்பேன், அவர் உதைப்பார். முதல் இரண்டு நாள் ஃபுட்பால் உதைப்பதுபோல உதைத்தார். ஒரு தடவை என் தாடையில் பட்டது. சில சமயம் நான் அடிப்பதற்கு முன்பே கால் எழும்பும், சில சமயம் அடித்து நான் சுத்தியலை எடுத்த பிறகு. நிஜமாகக் குதிக்கிற கால் எப்படிக் குதிக்கும் என்று பார்ப்பதற்காக அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அம்மாவுக்கு ஒரு அடி, அப்பாவுக்கு ஒரு அடி என்று மாற்றி மாற்றி அடித்தேன். அம்மா சோறு வடிக்க வேண்டும் என்று எழுந்து எழுந்து போவாள்.

"லேட்டு நைனா."

"இப்போ?"

"ரொம்ப மேல போவுது. அம்மாவுது பாரு, சின்னதா எகிறிட்டு தானா கீழ வருது. நீ அப்புடியே நிறுத்தி வெச்சிக்கினு கீற."

"சரிங்க டீச்சர்."

எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு பெரியவர் நான் சொன்னதைக் கேட்டு நடந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுப்பாடம் எழுதாமல் போய் அடி வாங்கினேன், அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பத்தாம் நாள் வாக்கில் அப்பாவின் கால் அம்மாவின் காலைவிட அழகாகக் குதித்தது. அவரை யோசிக்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே திடீரென்று அடித்துப் பார்த்தேன். அப்போதும் குதித்தது.

இன்னொன்றும் அந்த நாட்களில் நடந்தது. அப்பாவுக்கு உள்ளங்கால் எரியும். படுத்தால் நெருப்பில் வைத்ததுபோல இருக்கும் என்பார். எந்த டிரைவரைக் கேட்டாலும் அது என்ஜின் சூடு என்று சொல்வார்கள். நாள் முழுக்க அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் கால் வைத்திருப்பதால் உடம்பில் ஏறிவிடுகிறதாம். என்ஜின் சூட்டுக்கு அவர்களிடம் ஒரே மருந்துதான்: நன்னாரி சர்பத். அம்மா பெரிய பாட்டிலாக வாங்கி வைத்துக் காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் கலக்கிக் கொடுப்பாள். அவருக்குத் தாகமும் அதிகமாக இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்பார். அம்மா சந்தோஷமாகச் சர்க்கரையைக் கூடப் போட்டுக் கொடுப்பாள். இளைத்துக்கொண்டே போனார். சூடு இழுக்கிறது என்றார்கள். ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீடு வந்தார். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. அம்மா அடக்கமுடியாமல் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். உங்களுக்கு இதையெல்லாம் வரிசையாகக் கேட்கும்போதே என்னவென்று புரிந்திருக்கும். நமக்கு இப்போது எல்லாம் தெரியும். அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பரிசோதனை அன்று அப்பா மாடவீதிக் கடையில் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு காலும் குதித்ததாம். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம், அட்டையில் எழுதிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். எனக்குத்தான் முதல் ஜாங்கிரி. மீதியில் இரண்டை அப்பா தின்றார்.

கார்த்திகை மாதத்தில், தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், தி.நகரில் ஒரு பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் அப்பா பிரேக் போட்டார். வண்டி நிற்கவில்லை. நடைபாதைமேல் ஏறி, ஒரு விளம்பரப் பலகையைச் சாய்த்து, மரத்தில் போய் முட்டி நின்றது. வண்டியில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. நடைபாதையில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பூக்காரம்மாவுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

பிரேக்கில்தான் கால் வைத்தேன் என்று அப்பா சொன்னார். போலீஸிடம் சொன்னார், கம்பெனியில் சொன்னார், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துச் சொன்னார். வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அவர் கால் பிரேக்கில் இல்லை. அது அவருக்கே தெரியவில்லை.

அம்மா நாலு நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கில் சோறு கொண்டுபோய் அந்தப் பூக்காரம்மாவுக்குக் கொடுத்தாள். யாரோ புண்ணியவதி என்று அவளும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். ஐந்தாம் நாள் யாரென்று தெரிந்ததும் தூக்கை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். நான் அவளைப் பார்த்ததே இல்லை. அவள் கை பிறகு பூக் கட்டுகிற அளவுக்குச் சரியாயிற்றா என்பதும் தெரியாது. ஊர் ஊராகப் போயிருக்கிறேன். எந்த ஊரிலும் பூக்காரியிடம் நின்று பேரம் பேச எனக்கு முடிந்ததில்லை.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர் கையெழுத்துப் போட்ட அட்டையை எடுத்து வைத்தார்கள். கண் சரி, பிரஷர் சரி, முட்டி இரண்டும் சரி. உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஆள் வண்டியைக் கொண்டுபோய் மரத்தில் விட்டால் அது கவனக்குறைவுதானே. வேலையை விட்டு எடுக்கப்போகிறோம், பதில் எழுதிக் கொடு என்று பதினைந்து நாள் கெடு வைத்தார்கள்.

அந்த வாரம்தான் கேட்டில் உட்காரவைக்கப்பட்ட மூத்த டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவரே சுவரோரம் குந்தி உட்கார்ந்து, உடம்பு சரியில்லை என்று டாக்டர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் கம்பெனி வேறு வேலை கொடுத்துவிடும், தனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள் என்றார். அம்மா உள்ளேயிருந்து, "உங்களுக்கு முட்டி குதிக்கல, சரி. இவருக்குத்தான் நல்லா குதிச்சிதுன்னு எழுதிட்டாங்களே" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. "முட்டியா? எனுக்கு கண்ணுல புரைம்மா. சாயந்தரம் ஆனா எதிர்ல வர்ற வண்டியே தெரியாது. நானே போயி டாக்டர் கைல சொல்லி எழுதி வாங்கினேன். முட்டிக்கு எவன் வண்டிய புடுங்கறான்?"

அவர் போன பிறகு அம்மா சுத்தியலைத் தேடி எடுத்து அடுப்பில் போட்டாள். ரப்பர் எரிந்த நாற்றம் இரண்டு நாள் அந்த அறையைவிட்டுப் போகவில்லை. அந்த நாற்றத்திலேயே சாப்பிட்டோம்.

மறுநாள் சாயங்காலம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அடையாறுக்குப் போனார். சாட்சிக்கு என்றார். பஸ்ஸில் அவர் டிரைவர் பக்கம் பார்க்காமல் பின்னால் போய் நின்றுகொண்டார். கிளினிக்கில் ஃபினாயில் வாசமும் ஈரக் குடைகளும். எங்கள் முறை வர ஒரு மணி நேரம் ஆனது. டாக்டருக்கு அப்பாவை நினைவில்லை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு, தன் முட்டி குதிக்காது என்றும், பரிசோதனை நாளில் தானே வேண்டுமென்றே காலைத் தூக்கினது என்றும், இதோ இந்தக் குழந்தைதான் சொல்லிக்கொடுத்தது என்றும் சொன்னார். டாக்டர் களைத்திருந்தார். வேலைக்கு வருவதற்கு ஒரு பொய், வேலையைவிட்டு எடுத்தால் ஒரு பொய், உங்களுக்கெல்லாம் நான் என்ன எழுதிக்கொடுக்கிற மிஷினா என்று கேட்டார். இருந்தாலும் மேஜை டிராயரைத் திறந்து சுத்தியலை எடுத்தார். சிவப்பு முக்கோண ரப்பர். முதல் தடவையாக நிஜச் சுத்தியலைப் பார்த்தேன். எங்களுடையது அதைவிடப் பெரிது.

அப்பா நோயாளிகளைப் படுக்கவைத்துப் பார்க்கிற மேஜைமேல் ஏறி உட்கார்ந்தார். டாக்டர் அடித்தார். கால் குதித்தது.

அப்பா தன் காலையே பார்த்தார். இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். குதித்தது. சின்னதாக எகிறி, தானாகக் கீழே வந்தது. நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேனோ அப்படியே.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் டாக்டர்.

"நான் தூக்கல சார்" என்றார் அப்பா. "சத்தியமா நான் தூக்கல."

டாக்டர் சுத்தியலை டிராயரில் வைத்துவிட்டு மணியை அடிக்கக் கை நீட்டினார். அடித்தால் அடுத்த ஆள் உள்ளே வந்துவிடுவார். நான் இருபது நாள் அந்தக் காலின் எதிரே உட்கார்ந்தவள். அடி விழுந்ததும் அது எழும்புவதில்லை என்று எனக்குத்தான் தெரியும். சுத்தியல் இறங்குவதைப் பார்த்ததும் எழும்புகிறது. மேஜைக்குப் பின்பக்கம் ஓடி, ஸ்டூலில் ஏறி, அப்பாவின் இரண்டு கண்ணையும் கையால் பொத்தினேன்.

"இப்போ அடிங்க சார்."

டாக்டர் மணிக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். சுத்தியலை மறுபடியும் எடுத்தார். அடித்தார். கால் தொங்கிக்கொண்டே இருந்தது. இடது முட்டியில் அடித்தார். அதுவும் தொங்கியது. டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் பாதத்தைத் தன் தொடையில் தூக்கி வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு ஊசியை எடுத்தார். என்னைப் பார்த்து, கையை எடுக்காதே என்று தலையசைத்தார். "கால்ல குத்துவேன். வலிச்சா சொல்லுங்க" என்றார்.

பெருவிரலில் குத்தினார். அதற்குப் பக்கத்து விரலில். உள்ளங்காலில் ஒன்று, இரண்டு. கடைசிக் குத்துக் கொஞ்சம் ஆழமாகவே போயிற்று. அப்பாவின் இமைகள் என் உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்தன. வலிக்கப்போகிறது என்று காத்திருக்கிறவரின் துடிப்பு.

டாக்டர் அப்போதே ஒரு வெள்ளைத் தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். அந்தத் தாளைக் கொண்டுபோய்த்தான் அப்பா நீலச் சட்டை வாங்கினார். ஆறு வருடம் கேட்டில் உட்கார்ந்தார், பிறகு உட்காரவும் முடியவில்லை. அன்று அந்த அறையில் பேனா கிறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இன்னா சார், இன்னும் குத்தலியா?"

பாதத்தில் நாலு இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பஞ்சை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். அவர் துடைத்து முடிக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.